தண்ணீர் விடாத சாலட், புளிக்காத டிப்: மாலைப் பசிக்குக் காய்கறி

மாலை நான்கரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும், ஆறரைக்கு வேலையிலிருந்து திரும்பும் பெரியவர்களுக்கும் முறுக்கு, மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பச்சைக் காய்கறி சாலட்டும், தொட்டுக்கொள்ள வீட்டிலேயே அரைத்த டிப்பும் கொடுக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் முயன்றதில், சாலட் எல்லாம் அரை மணி நேரத்தில் தண்ணீரில் மிதந்ததாகவும், தயிரில் செய்த டிப் மறுநாளே நீர்த்துப் புளித்துவிட்டதாகவும், கடையில் வாங்கிய மயோனைசைத் தவிர வேறெதையும் பிள்ளைகள் தொடவில்லை என்றும் சொல்கிறீர்கள். இவை மூன்று தனித்தனிக் குறைகள்போல் தெரிந்தாலும், முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மூன்றாவதற்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. காய்க்குள் இருக்கும் தண்ணீரை எப்போது வெளியே விடுவது, எப்போது உள்ளேயே நிறுத்திவைப்பது என்பதை நாம் முடிவு செய்யாமல் விட்டால், அதை உப்பு முடிவு செய்துவிடும். ஆகவே இந்தப் பதிலில் சமையல் குறிப்புகளைவிடத் தண்ணீரைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். தக்காளியும் முள்ளங்கியும் அதற்கு அதிகம் பின்தங்கியவை அல்ல. காயை நறுக்கி உப்புத் தூவியவுடன், வெட்டுவாயில் உப்புக் கரைசல் உருவாகி, செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. இது சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்த அதே பாடம். நீர் வெளியேறியதும் செல்கள் தளர்ந்து, காய் மொறுமொறுப்பை இழக்கிறது. வெளியே வந்த நீர் சாலட்டின் அடியில் தேங்கி, எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் காரத்தையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. எனவே கிண்ணத்தின் மேலே இருப்பது சப்பென்றும், அடியில் இருப்பது உப்புக் கரித்தும் போகிறது. இதிலிருந்து பிறக்கும் விதி எளிமையானது. மொறுமொறுப்பாகக் கடித்துத் தின்ன வேண்டிய காய்க்கு உப்பு கடைசியில், உண்ணும் நேரத்தில்தான் சேர வேண்டும். டிப்புக்குள் கரைய வேண்டிய காய்க்கு உப்பு முதலிலேயே சேர்ந்து, அதன் நீரைப் பிழிந்து வெளியேற்றிய பிறகே அது தயிருடன் சேர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டும் தலைகீழாக நடக்கின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றுக்கு முப்பது பேருக்கு வெள்ளரித் தயிர் டிப் செய்யும் பொறுப்பை ஏற்று, காலை எட்டு மணிக்கே வெள்ளரியைத் துருவி, உப்பும் தயிரும் கலந்து, எவர்சில்வர் தூக்கில் நிரப்பி எடுத்துச் சென்றேன். பதினொரு மணிக்கு மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது நல்ல கெட்டியான நீர்மோர். பந்தி பரிமாறிய பெரியம்மா முகம் கோணாமல் அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் குடித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் கேரட் துண்டுகள் தொட்டுக்கொள்ள ஏதுமின்றித் தட்டிலேயே கிடந்தன.

இப்போது நான் செய்யும் முறை வேறு. கால் கிலோ வெள்ளரிக்காயைத் தோலுடன் துருவி, அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறி, சரிந்த தட்டில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு, பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து இறுகப் பிழிய வேண்டும். கால் டம்ளருக்கு மேல் நீர் இறங்கும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதில் மோர் கலந்து பெருங்காயம் போட்டுக் குடிக்கலாம். உப்பு ஏற்கெனவே அதில் இருப்பதால் மறுபடியும் போட வேண்டாம். பிழிந்த துருவல் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கைப்பிடியைத்தான் தயிரில் சேர்க்க வேண்டும். கிரேக்கர்களின் ட்ஸாட்ஸிக்கி என்ற பச்சடியும் இப்படித்தான் செய்யப்படுகிறது. பூண்டும் எண்ணெயும் சேர்வதைத் தவிர, நம் வெள்ளரிப் பச்சடிக்கும் அதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு கெட்டித்தன்மைதான்.

தயிரும் அப்படியே சேரக் கூடாது, வடிய வேண்டும். அரைக் கிலோ புதுத் தயிரை, கஞ்சியில்லாமல் அலசிய பழைய வேட்டித் துணியில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் உள்ளேயே ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்துவிடுங்கள். சமையலறைக் குழாயில் கட்டித் தொங்கவிடுவது பலருக்கும் வழக்கம் என்றாலும், நம் ஊர் வெயிலில் நான்கு மணி நேரம் வெளியில் தொங்கும் தயிர் வடிகிற வேகத்திலேயே புளிக்கவும் செய்யும். உங்கள் டிப் மறுநாளே புளித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். உள்ளே வைத்தால் ஓர் இரவு ஆகும், ஆனால் காலையில் ஏறத்தாழ கால் கிலோ கெட்டித் தயிர், புளிப்பேறாமல், கத்தியால் வெட்டி எடுக்கும் பதத்தில் கிடைக்கும். வடிந்த மஞ்சள் நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்த வடிதயிர் ஒன்று கையில் இருந்தால், அந்த வாரத்து டிப்புகளில் பாதி முடிந்ததுபோல. அதில் பிழிந்த வெள்ளரி சேரலாம், ஆவியில் வேகவைத்துத் துருவிய பீட்ரூட் சேரலாம், வதக்கி ஆறவைத்த கீரை சேரலாம், பரங்கிக்காயைச் சுட்டு மசித்தும் சேர்க்கலாம். எதைச் சேர்த்தாலும் அதன் நீர் முதலில் வற்றியிருக்க வேண்டும், அது ஆறியும் இருக்க வேண்டும். பீட்ரூட்டைப் பற்றி ஒரு சொல்: அதைச் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். அது நிறமி மட்டுமே, பிள்ளைகள் பயந்து சொன்னால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

டிப் என்ற சொல் புதிது, ஆனால் பொருள் நமக்குப் புதிதல்ல. பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ, முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ் என்று நாம் துவையல் அரைக்காத காயே குறைவு. துவையல் என்பதே காயை எண்ணெயில் வதக்கி நீரை வற்றச் செய்து, வறுத்த பருப்புடன் தண்ணீர் தெளிக்காமல் அரைப்பது. கெட்டியாகவும், ஒட்டிக்கொள்வதாகவும், இரண்டு நாள் கெடாததாகவும் இருப்பதற்கு அதுவே காரணம். சோற்றில் பிசைவதற்காக அரைப்பதால் அதில் உப்பும் புளியும் மிளகாயும் தூக்கலாக இருக்கும். அதே அளவில் கேரட்டால் தொட்டுத் தின்றால் நாக்கு எரியும், உப்பும் அதிகமாகும். ஆகவே துவையலை டிப்பாக மாற்ற, மிளகாயையும் உப்பையும் பாதியாகக் குறைத்து, ஒரு பங்கு துவையலுக்கு இரண்டு பங்கு வடிதயிரோ, மசித்த கொண்டைக்கடலையோ சேர்த்தால் போதும். பீர்க்கங்காய்த் தோல் துவையலை வடிதயிரில் கலந்து, மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால், அது எந்த நாட்டு டிப் என்று விருந்தினர் கேட்பார்கள்.

கத்திரிக்காயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் குறைந்த எண்ணெயில் நிறைந்த சுவை கிடைக்கிறது. அரபு நாடுகளில் பாபா கனூஷ், முத்தபல் என்றெல்லாம் அழைக்கப்படுவதும், வட இந்தியாவில் பர்த்தா என்று சொல்வதும், நம் வீடுகளில் சுட்ட கத்திரிக்காய்ப் பச்சடி, கொத்சு என்று செய்வதும் அடுப்பில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பெரிய கத்திரிக்காயைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்ததை எடுங்கள், அதில் விதை குறைவாக இருக்கும். கத்தி நுனியால் நான்கு இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி, அடுப்புத் தணலில் நேரடியாக வைத்து, இடுக்கியால் திருப்பிக்கொண்டே இருங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தோல் கருகி, காய் காற்றுப்போன பந்துபோல் ஒரு பக்கமாகச் சரியும். வெந்ததா என்று பார்க்கக் காம்பை ஒட்டிய இடத்தைக் குத்திப் பாருங்கள், அங்கே வெந்திருந்தால் எல்லா இடத்திலும் வெந்திருக்கும். பிறகு மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தோலை உரிக்க வேண்டும். அப்போது கருகல் ஒட்டுகிறதே என்று குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. கழுவினால் போவது கருகலோடு புகை மணமும்தான். விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உரித்தால் போதும். உரித்த சதையை வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்தால் பழுப்பு நிறத்தில் சற்றே கசக்கும் நீர் இறங்கும், அதைக் கொட்டிவிடலாம். மிச்சத்தை மிக்சியில் போடாமல் கத்தியால் கொத்தி, ஒரு பல் பூண்டை நசுக்கி, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கலந்தால் முடிந்தது. மிக்சியில் அடித்தால் பசைபோல் ஆகிவிடும், கொத்தினால்தான் நார்நாராக நாக்கில் தெரியும்.

ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை டிப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். வீட்டில் செய்தால் மணல்மணலாக வருவது பொதுவான குறை, அதற்குக் காரணம் கடலை நாம் சுண்டலுக்கு வேகவைக்கும் பதத்திலேயே நின்றுவிடுவது. சுண்டலுக்குக் கடலை உருண்டையாக நிற்க வேண்டும், ஹம்மஸுக்கு அது இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்க வேண்டும். வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு டம்ளரை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துக் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக வையுங்கள். சோடாவின் காரத்தன்மை தோலில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளைக் கரைத்து மென்மையாக்குகிறது. இரண்டு சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாசனை வரும். நம் ஊர்க் கருப்புக் கொண்டைக்கடலையிலும் செய்யலாம், ஆனால் அதன் தோல் தடிமனானது என்பதால் அரைத்த பிறகு ஒரு முறை சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை மாதத்திற்கு ஒரு நாள்தான் வாய்க்கிறது.

அதில் சேரும் தஹினி என்ற எள் விழுதுக்குக் கடையில் மிகுந்த விலை கொடுக்கத் தேவையில்லை. தோல் நீக்கிய வெள்ளை எள் நூறு கிராமைச் சிறுதீயில் நிறம் மாறாமல், பொரியத் தொடங்கும் வரை மட்டும் வறுத்து, ஆறவைத்து, மிக்சியில் விட்டு விட்டு அரைத்து, இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் விழுது தயார். சிவக்க வறுத்தால் கசக்கும். நல்லெண்ணெய் சேர்ப்பதாக இருந்தால், செக்கில் கருப்பட்டி சேர்த்து ஆட்டியதன் மணம் தூக்கலாக இருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். எனக்கு அது பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பழக நாளாகலாம். இனி சேர்க்கும் முறைதான் முக்கியம். எள் விழுதையும் எலுமிச்சைச் சாற்றையும் பூண்டையும் முதலில் அரைத்தால் அது இறுகிக் களிபோல் ஆகும். பயப்படாமல், ஜில்லென்ற தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அரைத்தால், திடீரென்று வெளுத்து இளகும். அதன் பிறகுதான் வெந்த கடலையைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு பண்டத்தில் மட்டும் தண்ணீர் நமக்கு நண்பன். எண்ணெயைக் கொட்டாமலேயே வழுவழுப்பு வருவதற்கு அந்தக் குளிர்ந்த நீர்தான் காரணம். எள்ளும் வேர்க்கடலையும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை என்பதால், வீட்டுக்கு வரும் பிற குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சிவப்புக் குடைமிளகாயைக் கத்திரிக்காய்போலவே தணலில் சுட்டு உரித்து, வறுத்த வேர்க்கடலை, சிறிது புளி, சீரகம் சேர்த்து அரைத்தால் மற்றொரு நல்ல டிப் கிடைக்கும். சிரியாவின் அலெப்போ நகரத்து முஹம்மரா என்ற குடைமிளகாய் டிப்பில் வால்நட்டும் மாதுளைச் சாற்றுப் பாகும் செய்யும் வேலையை, இங்கே வேர்க்கடலையும் புளியும் செய்கின்றன. கீழ்ப்பழனி மலையிலிருந்து வரும் வெண்ணெய்ப் பழத்தை மசித்து எலுமிச்சை, பச்சை மிளகாய், கொத்துமல்லித் தழை சேர்ப்பதை எல்லோரும் அறிவார்கள். அது கறுக்காமல் இருக்கக் கொட்டையை நடுவில் வைப்பதால் பயனில்லை, காற்றுப் படாமல் மேற்பரப்பை ஒட்டி மூடுவதும் எலுமிச்சைச் சாறும்தான் காக்கும்.

மயோனைஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் பெரும்பகுதி எண்ணெய்தான். முட்டையின் மஞ்சள் கரு அந்த எண்ணெயையும் புளிப்பு நீரையும் பிரியாமல் பிணைத்து வைக்கிறது. காயைத் தொட்டுத் தின்ன அதைப் பயன்படுத்தும்போது, காய் எண்ணெய்க்கு வாகனம் ஆகிவிடுகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. பச்சை முட்டையில் செய்வதற்கு வேறோர் இடரும் உண்டு. சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிர்களால் உணவு நஞ்சாகும் வாய்ப்பைக் காரணம் காட்டி, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைசைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. அதற்காக வீட்டு டிப் எல்லாம் எடையைக் குறைக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், அது எந்த எண்ணெயானாலும், ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் 560க்கும் மேல் இருக்கிறது. நூறு கிராம் வெள்ளரியிலோ பதினைந்து கலோரிதான். ஆகவே ஒருவருக்கு டிப் இரண்டு மேசைக்கரண்டி, காய் ஒரு கிண்ணம் நிறைய என்ற கணக்கில் தட்டை அமையுங்கள். எண்ணெயே கூடாது என்பதும் சரியன்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது, சிறிதளவு கொழுப்புச் சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக ஏற்கும்.

தொட்டுத் தின்னும் காய்களில் நம் வீடுகள் மறந்துவிட்ட ஒன்று நூக்கல். சாம்பாருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் காயின் தடித்த தோலையும் அடியிலுள்ள நாரையும் நன்றாகச் சீவிவிட்டு, விரல் தடிமனில் நறுக்கினால், ஆப்பிளுக்கும் முட்டைக்கோஸ் தண்டுக்கும் நடுவிலான ஒரு மெல்லிய இனிப்புடன், கேரட்டைவிடச் சாறாக இருக்கும். இளசாக, டென்னிஸ் பந்தைவிடச் சிறியதாக வாங்க வேண்டும், முற்றியது கட்டைதான். கேரட், நூக்கல், முள்ளங்கி ஆகியவற்றைக் காலையிலேயே நறுக்கி, தண்ணீர் ஊற்றி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மாலைக்குள் செல்கள் நீரை உறிஞ்சி விறைத்து, வாங்கிய நாளைவிட மொறுமொறுப்பாக இருக்கும். தண்ணீரில் கரையும் வைட்டமின் சி சிறிதளவு போகும் என்பது உண்மைதான், அதற்காக அவற்றை ஒரு நாளுக்கு மேல் ஊறவிட வேண்டாம். வெள்ளரியைத் தண்ணீரில் போடக் கூடாது, அதை உண்ணும்போதுதான் நறுக்க வேண்டும். காலிஃபிளவரையும் பீன்ஸையும் உப்பிட்ட கொதிநீரில் போட்டு, காலிஃபிளவரை ஒன்றிரண்டு நிமிடத்திலும், பீன்ஸை அது பச்சை வாசனை நீங்கி வெந்த பிறகும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். சாலட்டில் ராஜ்மா சேர்ப்பவர்கள் அதை முழுமையாகக் கொதிக்கவைத்தே தீர வேண்டும், அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடுமையான வாந்தியை உண்டாக்கும்.

சாலட்டுக்கு வருவோம். தண்ணீர் விடாத சாலட் எது என்று கேட்டால், கோசுமல்லி என்றே சொல்வேன். கன்னடத்தில் கோசம்பரி என்று அழைக்கப்படுவதும், நம் வீடுகளில் இராமநவமியன்று பானகம், நீர்மோர் ஆகியவற்றுடன் படைக்கப்படுவதும் இதுவே. பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, நகத்தால் கிள்ளினால் பிசையாமல் துண்டாகும் பதத்தில் நன்றாக வடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளரி முற்றியிருந்தால் நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள், நீரில் பெரும்பங்கு அந்த விதைச் சோற்றில்தான் இருக்கிறது. அத்துடன் துருவிய கேரட், தேங்காய்த் துருவல், மாங்காய்க் காலத்தில் சிறிது மாங்காய். இப்போது தாளிப்பை முதலில் கொட்டிக் கலந்துவிட வேண்டும். கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையுடன் வரும் அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெய், காயின் வெட்டுவாயில் மெல்லியதாகப் படிந்து, பின்னால் வரும் உப்பு கரைவதைத் தாமதப்படுத்துகிறது. மீறி வரும் நீரைப் பருப்பும் தேங்காயும் உறிஞ்சிக்கொள்கின்றன. உப்பும் எலுமிச்சைச் சாறும் தட்டில் வைக்கும் நேரத்தில்தான். எலுமிச்சையை முன்னரே பிழிந்தால் மல்லித்தழையும் பச்சை மிளகாயும் வெளிறிப் பழுப்பேறும். பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதற்கும் அந்த எலுமிச்சையின் வைட்டமின் சி துணை செய்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும், உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் கோசுமல்லி என்றால் முதல் கணக்கில் கால் பங்கு அங்கேயே தேறிவிடும், இரண்டாவது கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

வாழைத்தண்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். உள்தண்டு வரை உரித்து, மெல்லிய வட்டங்களாக வெட்டும்போது, ஒவ்வொரு வட்டத்துக்கும் பின் ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் நார் நூல்கண்டுபோல் விரலில் சுற்றிக்கொள்ளும். அந்த வட்டங்களைப் பொடியாக அரிந்து உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பிழிந்து எடுத்து, ஊறிய பாசிப்பருப்புடனோ வடிதயிருடனோ சேர்த்தால், கடிக்கும்போது நறுக்கென்று ஓசை கேட்கும் சாலட் கிடைக்கும்.

முளைகட்டிய பயறு பற்றி ஓர் எச்சரிக்கை. முளை விடுவதற்கு நாம் தரும் வெதுவெதுப்பும் ஈரமும், விதையின் மேல் தப்பித்தவறி இருக்கும் சால்மோனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் பெருகவும் ஏற்றவை. ஆகவே சிறு குழந்தைகளுக்கும், கருவுற்றவர்களுக்கும், முதியவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் பச்சையாகக் கொடுக்காமல், ஆவியில் நன்றாக வேகவைத்து ஆறிய பிறகே சாலட்டில் சேருங்கள். வெந்த பிறகும் சுவையாகத்தான் இருக்கும்.

வெள்ளரியை நறுக்கும் முன் காம்புப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காம்பு நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போகும் என்று என் பாட்டியும் செய்தார், உங்கள் வீட்டிலும் செய்திருப்பார்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் காம்பை ஒட்டியும் தோலையடுத்தும் அதிகம் இருப்பதால், நுனியை வெட்டி எறிவதில் பயன் உண்டு, தேய்ப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. நுனியில் மட்டும் இலேசான கசப்பு என்றால் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பார்க்கலாம். காய் முழுவதும் கடுமையாகக் கசந்தால் அதைக் குப்பையில் போடுவதே சரி. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு, காரணம் இதே வேதிப்பொருள்தான்.

கழுவுவதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஓடும் தண்ணீரில், கையால் தேய்த்து, தோல் சீவும் காயானாலும் சீவுவதற்கு முன்பே கழுவ வேண்டும், இல்லையேல் தோலில் இருக்கும் மண்ணைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். சோப்பு வேண்டவே வேண்டாம். முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் களைந்துவிட்டு, மீதியை இதழ் இதழாகப் பிரித்துக் கழுவுங்கள். மீன், இறைச்சி வெட்டிய பலகையில் சாலட் காயை வெட்டக் கூடாது.

நறுக்கிய காயையும் டிப்பையும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரமே அதிகம். குளிர்பதனப் பெட்டியில் ஐந்து பாகை செல்சியசுக்குக் கீழே, வடிதயிர் டிப் இரண்டு நாள், ஹம்மஸும் வெங்காயம் சேர்க்காத கத்திரிக்காய் டிப்பும் மூன்று நாள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். பச்சை வெங்காயம் சேர்த்தது அன்றே தீர வேண்டும், மறுநாள் அதன் வாடை பெட்டி முழுவதும் வீசும். எடுக்கும் கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். எல்லோரும் கடித்த காயை மறுபடி தோய்க்கும் கிண்ணத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்காமல், வேண்டிய அளவை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு, டிப் மேல் ஊற்றுவதற்காக என்று அடுப்பு மேடையில் நாள்கணக்கில் வைப்பது. காற்றும் புளிப்பும் இல்லாத அந்த எண்ணெய்க்குள் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் நஞ்சு உண்டாக்கக்கூடும், அந்த நஞ்சுக்கு வாடையோ நிறமாற்றமோ இருக்க வேண்டியதில்லை. பூண்டு எண்ணெய் வேண்டுமானால் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் பொட்டாசியம் கருதி மருத்துவரைக் கேட்ட பின்பே பச்சைக் காய்களின் அளவைக் கூட்ட வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள். மயோனைசில் அவர்களுக்குப் பிடித்தது அதன் வழுவழுப்பும், இலேசான இனிப்பும் புளிப்பும்தான். நீங்கள் கொடுத்த டிப் நீர்த்திருந்தது, காய் தளர்ந்திருந்தது, அதைத் தொடாமல் விட்டதில் அவர்கள் மீது குற்றமில்லை. வடிதயிரில் எள் விழுது ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, உப்பு, அரைத் தேக்கரண்டி தேன் கலந்து கொடுத்துப் பாருங்கள், மயோனைஸுக்கு மிக அருகில் வரும். பூண்டும் மிளகும் பிறகு சிறிது சிறிதாகச் சேரட்டும். முதல் வாரத்தில் காயை மட்டும் வைக்காமல், அவர்களுக்குப் பழகிய முறுக்கு இரண்டையும் அதே தட்டில் வைத்து, முறுக்கையும் அதே டிப்பில் தோய்த்துத் தின்னட்டும் என்று விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் பேருந்து நிலையத்து வெள்ளரிப்பிஞ்சுக்காரர் செய்வதுபோல் பிஞ்சை நான்காகக் கீறி, அடி ஒட்டியபடியே விட்டு, நடுவில் டிப்பைத் தடவி மேலே மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுத்தபோதுதான் சின்னவன் முதன்முதலாக இன்னொன்று கேட்டான். தட்டில் துண்டு துண்டாக வைத்திருந்த அதே வெள்ளரியை அதற்கு முந்தைய நாள் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.